கலவை: பேச்சித்தாய்

அந்தப் பாட்டை மட்டும் சொல்லாதீங்க அக்கா. உங்களுக்கு வேற என்ன வேணுமோ கேளுங்க. எக்கோ வேணுமா, புல்லாங்குழல் வேணுமா, மழைச் சத்தம் வேணுமா, எல்லாம் போட்டுத் தர்றேன். "உப்புக் காத்து பாட்டு மாதிரி வேணும்"னு மட்டும் சொல்லாதீங்க. இந்த வாரம் அதைச் சொல்லிக்கிட்டு இந்தப் படி ஏறி வந்த எத்தனையாவது ஆளோ நீங்க. எண்ணுறதை விட்டுட்டேன்.

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இதில் உட்காருங்க. ராபின்சன் அண்ணன் கல்யாண வீடியோவுக்குப் போயிருக்கார். ஸ்டுடியோ அவரோடதுதான், ஆனா பாட்டு வேலை எல்லாம் நான்தான். அவர் இருந்திருந்தா உங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டி, "அதே மாதிரி அடிச்சுத் தந்துருவோம் மேடம்"னு சொல்லியிருப்பார். எனக்கு அப்படிச் சொல்ல வராது. ஷார்ஜாவில் இருக்கிற வீட்டுக்காரரோட பிறந்தநாளுக்குப் பாடி அனுப்பணும்னு ஆசையா வந்திருக்கீங்க. அதனால உங்ககிட்ட உண்மையைச் சொல்றேன். அந்தப் பாட்டில் நான் ஒண்ணுமே செய்யலை.

ஒண்ணுமேன்னா ஒண்ணுமே. அடக்கமாப் பேசுறேன்னு நினைச்சுக்காதீங்க. அடக்கம் எல்லாம் எனக்குக் கிடையாது, அம்மாகிட்ட கேட்டா சொல்வா.

பாட்டுக்குக் கீழே "ஒலிப்பதிவு, கலவை: பேச்சித்தாய், தூத்துக்குடி"ன்னு போட்டிருக்கே, பார்த்துட்டுத்தானே வந்தீங்க? அது பொய். என் பேரைப் போட்டு, என் ஊரைப் போட்டு, என்னைக் கேவலப்படுத்தணும்னே போட்ட பொய். என்ன கலந்தேன் நான் அதில்? தண்ணிகூடக் கலக்கலை. அந்தப் பேரை எடுக்கச் சொல்லித்தான் செல்லக்கனி பின்னாடி நாயா அலையுறேன். அதான், அந்தப் பாட்டைப் பாடினவ. எடுக்க மாட்டேங்குறா.

நீங்க சிரிக்கிறீங்க. பேரைப் போட்டதுக்கு ஒருத்தி சண்டை போடுவாளான்னு. போடுவா. ஒரு சமையல்காரி வச்ச குழம்பைத் தள்ளிட்டு, யாரோ பச்சைக் காயை இலையில் வச்சு, "சமையல் இன்னார்"னு போர்டு மாட்டினா அவளுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருக்கு எனக்கு.

நான் என்ன வேலை செய்றேன்னு சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். பாடுறவங்க பாடிட்டுப் போயிடுவாங்க. வாசிக்கிறவங்க வாசிச்சுட்டுப் போயிடுவாங்க. எல்லாம் தனித்தனியா இந்தக் கம்ப்யூட்டரில் கிடக்கும், மார்க்கெட்டில் குவிச்சுப் போட்ட மாதிரி. அதைக் கழுவி, நறுக்கி, கூட்டி வச்சு, ஒரே பாட்டாக்குறது நான். பதினொண்ணாங் கிளாஸோட பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டு இங்கே வந்தேன். ஏன்னு கேட்காதீங்க. எல்லாரும் ஏதாவது சோகக் கதை எதிர்பார்க்குறாங்க. பிடிக்கலை, நிறுத்திட்டேன், அவ்வளவுதான்.

இந்த வேலையில் எனக்கு உயிர் எது தெரியுமா? சாச்சுரேஷன்.

முழிக்காதீங்க, பெரிய விஷயம் இல்லை. வெங்காயம் வதக்குவீங்கல்ல? முதல்ல பச்சையா இருக்கும், அப்புறம் கண்ணாடி மாதிரி ஆகும், அப்புறம் ஓரத்தில் லேசாச் சிவக்கும். அந்த ஓரம் சிவக்கிற நேரத்தில்தானே வாசம் தெருவுக்குப் போகுது? அதேதான். ஒரு சத்தத்தை அது தாங்குறதுக்கு மேலே ஒரு பொட்டு அழுத்தினா அதோட உச்சி நசுங்கும். நசுங்கின இடத்தில் புதுசாச் சின்னச் சின்னச் சுரங்கள் முளைக்கும். பழைய டேப் ரெக்கார்டர், வால்வு ரேடியோ எல்லாம் அதைத் தானாவே செஞ்சுச்சு. அதனாலதான் அதில் கேட்ட பாட்டெல்லாம் கதகதன்னு இருக்கும். கம்ப்யூட்டரில் பிடிச்சா சத்தம் சுத்தமா இருக்கும். ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம். அதை நாமதான் பார்த்துப் பதமா அழுக்காக்கணும்.

இருங்க, போட்டே காட்டுறேன். இது பேஸ் கிட்டார். இந்த போன் ஸ்பீக்கரில் விடுறேன், கேட்குதா? கேட்காது. அவ்வளவு அடியில் போக அந்தப் பொடி ஸ்பீக்கரால் முடியாது. இப்ப சாச்சுரேஷன் போடுறேன். இப்ப? பார்த்தீங்களா! போன் அதே போன்தான். முளைச்ச சுரம் வழியா உங்க காது அடியில் இருக்கிறதைத் தானாவே பிடிச்சுக்குது. இது டோலக். இப்ப வெறும் டப்பா. போட்டாச்சு. இப்ப? தோல் தெரியுது, தோலில் விழற கை தெரியுது. ஒரு பொட்டு கூடினா கருகிடும். எங்கே நிறுத்தணும்னு தெரிஞ்சவ இந்த ஊரில் நான் ஒருத்திதான். சொல்றதுக்கு எனக்கு வெட்கம் இல்லை.

குரலுக்குப் போடுறதுதான் கஷ்டம். நான் முதல்ல மூச்சை வெட்டுவேன். வரிக்கு வரி நடுவில் ஆள் மூச்சு இழுப்பாங்கல்ல, அதை ஒண்ணொண்ணாப் பிடிச்சு வெட்டி எறிஞ்சுருவேன். அப்புறம் குரலுக்கு ஒரு நகல் எடுத்து, நகலை நல்லா வறுத்து, அசலுக்கு அடியில் மெல்ல ஊத்துவேன். கேட்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. குரலுக்குச் சதை போட்ட மாதிரி இருக்கும். பின்னாடி நின்னு பாடினவ முன்னாடி வந்து நிப்பா. எத்தனை நோஞ்சான் குரலை நான் தூக்கி நிறுத்தியிருக்கேன் தெரியுமா? பேர் சொன்னா உங்களுக்கே தெரியும். சொல்ல மாட்டேன்.

செல்லக்கனி நோஞ்சான் இல்லை. அதையும் சொல்லிடணும். வெண்சங்கு இன்னிசைக் குழுவில் அவ பாடினா மைக்கை ஒரு முழம் தள்ளிப் பிடிப்பா. கிட்டப் பிடிச்சா ஸ்பீக்கர் கதறும். என்னைவிட அஞ்சாறு வயசுதான் கூட. கோயில் கொடைக்குக் கொடை, ஊருக்கு ஊர், அவ பேர் நோட்டீஸில் மேலே இருக்கும். திமிரும் அதுக்கேத்த மாதிரி இருக்கும். அப்புறம் கழுத்தில் ஒரு கட்டி வந்துச்சு. ஆபரேஷன் பண்ணினாங்க. கட்டி போச்சு, கூடவே பாதிக் குரலும் போச்சு. உள்ளே ஒரு நரம்பு சோர்ந்து போச்சாம். திரும்ப வரலாம், வராமலும் போகலாம்னுட்டார் டாக்டர்.

கொஞ்ச மாசம் வாயே திறக்கலை. அப்புறம் சித்திரைக் கொடை சீசனுக்கு முன்னாடி ஒருநாள் இங்கே வந்தாள். கழுத்தைச் சுத்தித் துப்பட்டா.

"ஏட்டி பேச்சி, பொன்பாண்டி அண்ணாச்சி கொடைக்குக் கூப்பிடுதாவ. முதல் பாட்டே நான்தானாம். போகவா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும். வீட்டுல பாடிக் காமிச்சா எங்கம்மை நல்லாருக்குங்கா. அவ நான் இருமுனாலே நல்லாருக்கும்பா. நீ பிடிச்சுப் போடு. நான் கேட்டுக்கிடுதேன்."

பொன்பாண்டி அண்ணாச்சிதான் குழு ஓனர். "சரி, போய் நில்லு"ன்னேன். பாடினாள். அய்யோ. காத்துப் போற டியூப் மாதிரி இருந்துச்சு அக்கா. பாதி குரல், பாதி வெறும் மூச்சு. மேலே போற இடத்தில் எல்லாம் சத்தம் நின்னு காத்து மட்டும் வருது. நான் முகத்தில் காட்டிக்கலை. "போய் டீ குடிச்சுட்டு வா"ன்னு அனுப்பிட்டு வேலையில் இறங்கினேன். மூச்சை எல்லாம் வெட்டினேன். நகல் எடுத்தேன். வறுத்தேன். ஒரு தரம் இல்லை, அடுக்கடுக்கா, ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சமா. அவ டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள பழைய செல்லக்கனி ஸ்பீக்கரில் நின்னா. என் வாழ்க்கையிலேயே நான் செஞ்ச நல்ல வேலை அதுதான். இன்னிக்கும் சொல்வேன்.

கேட்டாள். கண்ணு விரிஞ்சு போச்சு.

"இது நானா?"

"பின்ன நானா?"

"என்னமாச்சும் போட்டிருக்கியா?"

"லேசா."

"போட்டதை எல்லாம் எடு. வெறும் குரலாக் கேக்கணும். அதுக்குத்தான வந்தேன்."

இங்கேதான் உங்களுக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்லணும். இந்தப் பலகையைப் பாருங்க, வரிசையாத் திருகுற நாப் இருக்கு. கடைசி நாப்புக்கு மட்டும் தலை இல்லை, மொட்டையா நிக்குது, பார்த்தீங்களா? அதுக்குப் பேர் சமாதான நாப். அதில் எந்த ஒயரும் கிடையாது. எல்லா ஸ்டுடியோவிலும் ஒண்ணு வச்சிருப்பாங்க. கஸ்டமர் வந்து, "கொஞ்சம் கூட்டுங்க, கொஞ்சம் குறைங்க, என் குரல் கொஞ்சம் மஞ்சளா இருக்கு"ம்பாங்க. மஞ்சளாம்! அப்ப அதைத் திருகுவோம். முகத்தைச் சீரியஸா வச்சுக்கிட்டு மெதுவாத் திருகணும். உடனே தலையாட்டுவாங்க, "ஆங், இப்ப சரி." அத்தனை பேரும் தலையாட்டுவாங்க. ஒருத்தர் தப்பாம. ராபின்சன் அண்ணன் எனக்குச் சொன்ன முதல் வேலையே அதுதான்.

அதைத் திருகினேன்.

"எடுத்துட்டேன். இப்ப வெறும் குரல்தான். கேளு."

கேட்டாள் அக்கா. கேட்டுட்டு அழுதாள். "வந்துட்டு, ஏட்டி, திரும்பி வந்துட்டு"ன்னு என் தலையைப் பிடிச்சு நெஞ்சில் வச்சு அமுக்கினாள், மூச்சு முட்டிப் போச்சு எனக்கு. கீழே பேட்டரி கடை ஆளுங்களுக்கு எல்லாம் கேக் வாங்கிக் கொடுத்துட்டுப் போனாள். ஒருத்தி துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு வந்தா, சிரிச்சுக்கிட்டுப் போனா. இதில் நான் செஞ்ச தப்பு என்ன? நீங்களே சொல்லுங்க. சொல்ல வேண்டாம், உங்க முகமே சரியில்லை.

கொடைக்குப் போனாள். நான் போகலை, எனக்கு இங்கே வேலை. எல்லார் ஸ்டேட்டஸிலும் வந்த வீடியோவைத்தான் பார்த்தேன். முதல் பாட்டை எப்படியோ தள்ளிட்டாள். ரெண்டாவது பாட்டில், சரணத்தில் மேலே ஏறுற இடம். வாய் திறந்திருக்கு, கை மேலே போயிருக்கு, சத்தம் வரலை. மியூசிக் மட்டும் போய்க்கிட்டிருக்கு. திரும்ப எடுக்கிறாள், வரலை. கூட்டத்தில் விசில். மேடையில் பேசுறவன் ஒருத்தன் மைக்கைப் பிடுங்கி, "அக்காவுக்கு பேட்டரி டவுன். சார்ஜ் போட்டுட்டு வருவாவ, எல்லாரும் ஒரு கைதட்டு"ங்குறான். ஊரே சிரிக்குது. அவ அந்தச் சிரிப்புக்கு நடுவில் மைக் ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டே நிக்குறாள். இறங்கத் தோணலை போல. அண்ணாச்சி வந்து கையைப் பிடிச்சு இறக்கிவிட்டார்.

தப்பு யார் மேலே? சவுண்ட் சர்வீஸ்காரன் மேலே. நான் அன்னிக்கே சொன்னேன். அவன்கிட்ட மைக் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற ஒரு நல்ல பிரீஆம்ப் இருந்து, கொஞ்சம் சாச்சுரேஷன் போட்டு, மூச்சை அடக்கி விட்டிருந்தா அவ தப்பிச்சிருப்பா. அவன் மைக்கை நேரா ஸ்பீக்கருக்கு விட்டுட்டு புரோட்டா தின்னப் போயிட்டான்.

ஆனா செல்லக்கனி சவுண்ட் சர்வீஸ்காரன்கிட்ட போகலை. நேரா இங்கே வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு கூட்டம் பாட்டு பிடிக்க வந்து இங்கே உட்கார்ந்திருக்காங்க, பட்டும் பூவுமா. அவங்க முன்னாடி, செருப்பைக்கூடக் கழட்டலை.

"அன்னைக்கு எடுத்தியா, இல்லியா?"

நான் பொய் சொல்ற ஆள் இல்லை அக்கா. "எடுக்கல"ன்னேன்.

"ஏன்?"

"நல்லா இல்ல. அதான் எடுக்கல."

"நல்லா இல்லன்னு எங்கிட்ட சொல்றதுக்கு உனக்கு என்னட்டி? அதைக் கேக்கத்தான வந்தேன்! நல்லா இல்லன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் அந்த மேடையில ஏறுதேன்?"

"நான் உன்னைக் காப்பாத்துனேன்."

"என்னையா? என்னைய நீ கழுவித் துடைச்சு எறிஞ்சுட்டு, எவளையோ நிப்பாட்டி வச்சிருந்த. அவளைக் கூட்டிட்டுப் போயி மேடையில ஏத்த வேண்டியதுதான?"

நன்றி இல்லாதவங்ககிட்ட என்ன பேச? மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தி, "பாவம், என்ன ஆச்சுமா?"ன்னு நடுவில் வந்தாங்க. அவங்களுக்கும் விழுந்துச்சு. "உங்க பாட்டையும் இவகிட்டயா குடுக்கிய? கேட்டுக்கிடுங்க, வீட்டுக்குப் போனா வேற ஆளு பாடியிருப்பாவ." அந்தக் கூட்டம் எந்திரிச்சுப் போச்சு. போனது போகட்டும். அவ போகலை. இந்த மேசையில் கையை ஊணிக்கிட்டு நின்னு, பலகையைப் பார்த்தாள்.

"எதை நீ திருகுன?"

காட்டினேன். கழுத்தைத் திருகுற மாதிரி அந்த நாப் தலையைப் பிடுங்கி ஹேண்ட்பேக்கில் போட்டுக்கிட்டாள். இன்னும் தரலை.

"மைக்கைப் போடு. இப்பப் பாடுதேன். பிடி. ஸ்கிரீனை என் பக்கம் திருப்பு. அதுல திறந்திருக்க எல்லாப் பெட்டியையும் மூடு. அது என்னது, மஞ்சளா? அதையும் மூடு."

பாடினாள். மியூசிக் இல்லை, தாளம் இல்லை, ஒரு சுருதிப் பெட்டிகூட இல்லை. அவளே கட்டின பாட்டாம், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தப்ப. "உப்புக் காத்து வந்து கதவைத் தட்டுது, ஒருத்தரும் இல்லைன்னு சொல்லி அனுப்பவா." ஒரே டேக். நான் கையை நீட்டி, "நிறுத்து, கீழே லாரி"ன்னு சைகை காட்டுறேன், அவ கண்ணை மூடிக்கிட்டா. ரெண்டாவது வரியில் லாரி ஹார்ன் அப்படியே விழுந்திருக்கு அக்கா! என்னது? கப்பல் சத்தம்னு நினைச்சீங்களா? வேணும்னே வச்ச கப்பல் சத்தமா? சரிதான். உப்பு லாரி அக்கா அது. தினம் இந்த வழியாத்தான் போகுது.

"இன்னொரு டேக் போலாம்"னேன். "வேண்டாம்"னாள். "லாரியையாவது எடுத்துத் தர்றேன்"னேன். "நீ எதையும் எடுக்க வேண்டாம். எடுக்கச் சொன்னப்ப எடுக்கல, இப்ப என்ன"ன்னாள். பென் டிரைவில் வாங்கிக்கிட்டுப் போயிட்டாள். நானும் தொலைஞ்சுதுன்னு விட்டேன்.

மறுநாள் நெட்டில் ஏத்திட்டாள். கீழே என் பேர். கலவை: பேச்சித்தாய்.

அதுக்கப்புறம் என் பாடு கேளுங்க. டீக்கடையில் மத்த ஸ்டுடியோ பயலுகள் என்னைக் கண்டா எந்திரிச்சு நின்னு கும்பிடுறானுவ. "பேச்சி, உங்க கம்ப்யூட்டரைச் சேட்டுக் கடையில வச்சிட்டியளோ?" "இல்லல, லாரியை ஸ்டீரியோவுல வச்சிருக்கா பாரு, அதுக்கே அவார்டு குடுக்கணும்." ராபின்சன் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "கூட்டம் வருதுல்ல, வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு"ங்குறார். வர்றவங்க எல்லாம் உங்களை மாதிரித்தான். அதே மாதிரி வேணும். அதே மாதிரி வேணும். நான் ராவெல்லாம் உட்கார்ந்து கத்துக்கிட்டது எதுவும் யாருக்கும் வேண்டாம்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்குவேன். சென்னையில் ஒரு பெரிய ஸ்டுடியோவுக்கு அசிஸ்டென்ட் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். நான் வறுத்து வச்ச பாட்டுகளில் நல்லதாப் பொறுக்கி அனுப்பியிருந்தேன். அங்கேயிருந்து ஒரு அம்மா போன் பண்ணினாங்க. அவங்க என் பேரைத் தேடியிருக்காங்க. தேடினா முதல்ல என்ன வரும்? அதுதான் வரும். "அந்தப் பாட்டை அப்படியே விடணும்னு எப்படிம்மா முடிவு பண்ணினே?"ன்னு கேட்டாங்க. குரலில் கிண்டல் இருந்த மாதிரி எனக்குப் பட்டுச்சு. "நான் விடலை மேடம், அவ விட வச்சா. நானா முடிவு பண்ணியிருந்தா அப்படி விட்டிருக்கவே மாட்டேன்"னேன். "ஓ"ன்னாங்க. "சரி, சொல்லி அனுப்புறோம்"னாங்க. சொல்லி அனுப்பவே இல்லை. போச்சா? என் பேரைக் கெடுத்தது யாரு?

அதனாலதான் அவளைத் தேடிப் போனேன். குழுவில் இருந்து நின்னுட்டாள். இப்ப வளைகாப்பு வீடுகளில் பாடுறாளாம். மைக்கே கிடையாதாம். திரேஸ்புரத்தில் ஒரு வீட்டில் இருக்கான்னு கேள்விப்பட்டு அங்கேயே போயிட்டேன். வாசலில் நிக்குறேன். உள்ளே வளையல் போட்டுக்கிட்ட பிள்ளைத்தாச்சி, சுத்திலும் பொம்பளைங்க, நடுவில் இவ சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடுறாள். என்ன சொல்ல! ரெண்டு ஆள் தள்ளி இருந்தா கேட்காது. அந்தப் பிள்ளைத்தாச்சி ரெண்டு கையையும் வயித்து மேலே அசையாம வச்சிருக்கா, வளையல் குலுங்கிடக் கூடாதுன்னு. கொறிச்சுக்கிட்டிருந்தவங்க வாயை நிறுத்திட்டாங்க. ஒரு குழந்தை அழுதுச்சு, அதைத் தூக்கிக்கிட்டு ஒருத்தி வெளியே ஓடிவர்றா, போக மனசில்லாம திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டு. மின்விசிறியை அணைச்சுட்டாங்க அக்கா, இந்த வெயிலில்! எல்லாருக்கும் வேர்த்து ஊத்துது. ஒரு பாட்டுக்காரிக்கு இதைவிடக் கேவலம் உண்டா? கேட்கிறவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாத்தான் இவ பாட்டு கேட்குது.

முடிஞ்சதும் வெளியே வந்தாள். கையில் ஒரு டப்பா புளியோதரை. "சாப்பிடுதியா?"ன்னாள்.

"என் பேரை எடு"ன்னேன்.

"நீதான பிடிச்ச?"

"பிடிச்சது நான்தான். கலவை நான் இல்ல. அதுல என்ன கலவை இருக்கு? நான் ஒண்ணும் செய்யாததுக்கு எனக்கு எதுக்குப் பேரு?"

"நீ ஒண்ணும் செய்யாம இருந்தியே, அது உனக்கு எம்புட்டுக் கஷ்டம்னு நான் பாத்தேம்லா? நாப்பைப் பிடுங்குன பலகை மாதிரி உக்காந்திருந்த. அதுக்குத்தான் பேரு."

எப்படிப் பேசுறா பாருங்க! நக்கல். எனக்கு வந்த கோவத்தில் அந்த டப்பாவைத் தட்டிவிட்டிருப்பேன், புளியோதரை வாசம் நல்லா இருந்துச்சுன்னு விட்டேன்.

"சரி, எடுத்துருதேன்"னாள். "ஒண்ணு செய். அந்தப் பாட்டை உன் ஸ்டுடியோவுல போட்டு, முழுசா ஒரு தரம் கேளு. மவுஸைத் தொடக் கூடாது. நிப்பாட்டக் கூடாது. கேட்டு முடிச்சிட்டு எனக்கு போன் போட்டு 'எடு'ன்னு ஒரு சொல்லு சொல்லு. அந்த நிமிசமே எடுத்துருதேன். நீ கேக்காம கேட்டேன்னு சொல்ல மாட்ட, அது எனக்குத் தெரியும். பொய் சொல்லணும்னா அந்த நாப்பு வேணும் உனக்கு, அது எங்கிட்ட இருக்கு."

சின்னப் பாட்டு அக்கா. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுரும். இதென்ன பெரிய காரியம்னு வந்தேன்.

முடியலை.

முதல் தரம் லாரி வந்ததும் கை போயிடுச்சு. வெட்டிட்டுத்தான் பார்க்கிறேன், பாட்டு நின்னு கிடக்கு. அடுத்த தரம் லாரியைப் பல்லைக் கடிச்சுத் தாண்டிட்டேன். "சொல்லி அனுப்பவா"ன்னு ஒரு இடம் வருதுல்ல, அதில் "வா" முடியிற இடம். அங்கே குரல் தீர்ந்து போய் வெறும் மூச்சு வரும். சரி, இந்த ஒரு மூச்சை மட்டும் வெட்டிட்டுக் கேட்போம்னு பெருசாக்கிப் பார்க்கிறேன், எங்கே வெட்டன்னு தெரியலை. இத்தனை நாளா எத்தனை ஆயிரம் மூச்சை வெட்டியிருப்பேன், எனக்குத் தெரியலை! "வா" எங்கே முடியுது, மூச்சு எங்கே ஆரம்பிக்குதுன்னு கோடே இல்லை. கொஞ்சம் முன்னாடி வெட்டினா "வா" அறுந்து தொங்குது. கொஞ்சம் பின்னாடி வெட்டினா மூச்சு ஒட்டிக்கிட்டு நிக்குது. சரின்னு சாச்சுரேஷன் போட்டேன். போட்டா அந்த மூச்சு பாம்பு மாதிரி சீறுது. அதை அடக்கினா கூடவே அந்த "வா"வும் செத்துப் போகுது. என்கிட்ட இருக்கிற எல்லாத்தையும் போட்டுப் பார்த்துட்டேன். அந்த இடத்தை மட்டும் என்னால் நல்லாக்க முடியலை. எந்த ஊர்க் குரல் அக்கா அது, எதுக்கும் மசியாம?

ராபின்சன் அண்ணன் சொல்றார், "லூசு, கேட்டுட்டேன்னு போன் போட்டுச் சொல்லிட்டு வேலையைப் பாரு." எனக்கு வரலை. கேட்காததைக் கேட்டேன்னு எப்படிச் சொல்ல? அதனால என் பேர் இன்னும் அங்கேயே தொங்குது. நீங்க வேற படி ஏறி வந்துட்டீங்க.

நிஜமாச் சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன். அதில் உங்களுக்கு என்ன பிடிச்சுச்சு?

பக்கத்தில் உட்கார்ந்து நமக்கு மட்டும் பாடுற மாதிரி இருந்துச்சா?

அடப் பாவமே. அதுக்குத்தானே அக்கா நான் இத்தனையும் வச்சிருக்கேன்! ஆளைப் பக்கத்தில் கொண்டுவர்றதுக்குத்தானே இந்த வறுவல், இந்த நகல், இத்தனை அடுக்கும்! இவ ஒண்ணும் இல்லாம வந்து உட்கார்ந்துட்டாளாக்கும்?

சரி. ஒண்ணு செய்வோம். உங்க பாட்டை அப்புறம் பிடிக்கலாம், எங்கேயும் ஓடாது. இந்தாங்க, இந்த மவுஸை நீங்க வச்சுக்கங்க. மடியில் வச்சுக்கங்க. கீபோர்டையும் உங்க பக்கம் இழுத்துக்கங்க. நான் கேட்டாலும் தராதீங்க. திட்டினாலும் தராதீங்க, கண்டிப்பாத் திட்டுவேன். ஒவ்வொரு தப்பா விரலை நீட்டிக் காட்டுறேன், அப்பத்தான் உங்களுக்கும் தெரியும் இது எவ்வளவு மட்டமான வேலைன்னு. முடிஞ்சதும் உங்க முன்னாடியே போன் போட்டு "எடு"ங்குறேன். இன்னிக்கோட தீர்ந்தது.

நாற்காலியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கங்க, கைக்கு எட்டாம. ம். அந்த நீளப் பொத்தானை அமுக்குங்க. ஒரு தரம் மட்டும்.

பேசாதீங்க அக்கா. ஆரம்பிக்குது.